பதினேழு எழுத்தில் பப்ஜி: வேடிக்கை ஹைக்கூ கேள்வி பதில்

பலர் சேர்ந்து ஆடும் வீடியோ கேம்களைப் பற்றி வேடிக்கையாக ஹைக்கூ என்ற மூன்று வரி ஜப்பானியக் கவிதை எழுத ஆசைப்படுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பாதிக்கு மேல் எழுத்தை எண்ணுவது பற்றியவை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ஹைக்கூவின் மூன்று வரிக்கும் ஐந்து, ஏழு, ஐந்து என்கிறார்கள். எதை எண்ணுவது? சிலபிள் என்றால் அசை என்று படித்தேன். அசை பிரித்து எண்ணினால் கணக்கு எங்கோ போகிறது.

குழப்பம் அந்த மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது. யாப்பில் நாம் சொல்லும் அசை வேறு, சிலபிள் வேறு. 'முதுகில்' என்ற சொல்லை அசை பிரித்தால் முது, கில் என்று இரண்டு, நிரை, நேர். வாயால் சொல்லிப் பாருங்கள்: மு, து, கில் என்று மூன்று முறை குரல் எழுகிறது. ஹைக்கூவுக்கு இந்த மூன்றுதான் கணக்கு.

தமிழில் இதை எண்ணுவது மிக எளிது. வரியை எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்தையெல்லாம் அடித்துவிடுங்கள். மிஞ்சியதை எண்ணுங்கள். குறில், நெடில், ஐகாரம் எதுவானாலும் ஒன்று. ஆய்தமும் கணக்கில் சேராது.

பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் முதுகில் மாட்டிய சட்டி குண்டைத் தடுக்கும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். அதை வைத்து ஒன்று:

முதுகில் சட்டி
எத்தனை குண்டும் தாங்கும்
எதிரே வந்தான்

முதல் வரி: மு, து, கி, ச, டி. இரண்டாவது: எ, த, னை, கு, டு, தா, கு. மூன்றாவது: எ, தி, ரே, வ, தா. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், ஐந்து, ஏழு, ஐந்து சரியாக வரும்.

இது இரவல் கணக்கும் அல்ல. உயிரில்லாத எழுத்தை எண்ணுவதில்லை என்று தொல்காப்பியச் செய்யுளியலே சொல்கிறது. கட்டளைக் கலித்துறை என்ற மரபுப் பாவில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து. அங்கேயும் ஒற்று நீக்கித்தான் எண்ணுகிறோம். ஹைக்கூவின் மூன்று வரிக்கும் சேர்த்து 17. நிரையில் தொடங்கும் ஒரே ஒரு கலித்துறை அடியின் அளவு அது! இதை முதன்முதலில் கவனித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

கேள்வி: ஜப்பானியர்கள் மெய்யையும் எண்ணுவார்களாமே? நாம் மட்டும் ஏன் விட வேண்டும்?

உண்மைதான். அவர்கள் எண்ணுவது 'ஒன்' என்ற ஒலியலகை. 'நிப்பொன்' என்பது அவர்களுக்கு நி, ப், பொ, ன் என்று நான்கு. நெடிலுக்கு இரண்டு, அதனால் 'டோக்கியோ'வும் நான்கு. நம்மிடம் அதற்கு நெருங்கிய அளவு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. 'நிப்பொன்' நம் கணக்கில் மூன்று மாத்திரை.

மாத்திரை போட்டும் எழுதலாம், தடையில்லை. ஆனால் குற்றியலுகரம் (சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம்), ஐகாரக் குறுக்கம் என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். விளையாட்டு முடிந்த சூட்டில் எழுதுகிற கவிதைக்கு அது பெருஞ்சுமை. ஒற்று நீக்கி எண்ணுங்கள், போதும்.

கேள்வி: ஐயா, ஹைக்கூ என்றால் இயற்கை, பனித்துளி, தவளை. துப்பாக்கியும் சர்வரும் அதில் வரலாமா?

தாராளமாக வரலாம். அப்படி வந்தால் அதற்குச் சென்ரியு என்று பெயர். தமிழில் நகைத்துளிப்பா என்றும் சொல்கிறார்கள். வடிவம் அதே மூன்று வரி. மரபான ஹைக்கூ பருவகாலத்தைக் குறிக்கும் ஒரு சொல்லைக் கேட்கும். சென்ரியு அதைக் கேட்பதில்லை. மனிதரின் அசட்டுத்தனம், பேராசை, பொய் ஆகியவைதான் அதன் களம். 18ஆம் நூற்றாண்டில் இத்தகைய வரிகளைத் தேர்ந்தெடுத்துப் புகழ்பெற்ற கராய் சென்ரியு (1718–1790) என்பவரின் பெயரே வடிவத்துக்கு நிலைத்துவிட்டது.

பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து எழுதியிருக்கிறார். தமிழுக்கு நூறு ஆண்டுக்கு மேல் பழக்கமான விருந்தாளி இது. தயங்க வேண்டாம்.

கேள்வி: என் கவிதைக்கு யாரும் சிரிக்கவில்லை. எங்கே தவறு என்று சொல்லுங்கள்.
இணையம் மெதுவானதால்
நான் முதலில் சுட்டும் நானே இறந்தேன்
மிகுந்த கோபம் வந்தது

நிகழ்ச்சி அருமையானது. ஆடுகிற ஒவ்வொருவருக்கும் நடந்தது. முதலில் எண்ணிப் பார்ப்போம்: 8, 11, 8. பத்து எழுத்து கூடுதல். எந்தப் பத்து என்று தேடினால் தவறும் அங்கேயே அகப்பட்டுவிடும்.

மூன்றாவது வரியைப் பாருங்கள். கோபம் வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டால் படிக்கிறவருக்கு என்ன வேலை மிச்சம்? அதை முழுவதும் எடுத்துவிடுங்கள். அடுத்து 'ஆனதால்'. காரணம் முதல் வரியிலேயே வந்துவிட்டது. பிறகு நீங்கள் இறந்தது யாருக்கும் வியப்பாக இருக்காது. காரணத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதையும் காரணமாகச் சொல்லாதீர்கள். இப்போது கையில் இருப்பது இரண்டே படங்கள்: முதலில் சுட்டவன் நான், தரையில் கிடப்பதும் நான்.

நான்தான் முதலில்
சுட்டேன், என் உடல் கீழே
இணையம் வாழ்க

'வாழ்க' என்ற சொல்லில் உங்கள் கோபம் முழுவதும் இருக்கிறது, 'கோபம்' என்ற சொல் இல்லாமலே. எண்ணிக்கை தொல்லை என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பதினேழுக்குள் அடைக்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லையென்றால் அந்த மூன்றாவது வரியை நீங்கள் எடுத்திருக்கவே மாட்டீர்கள்.

கேள்வி: ஓர் எழுத்து மட்டும் கூடுகிறது. 'வந்து இறங்கினேன்' ஆறாக வருகிறது. ஐந்தாக்க வழி உண்டா?

சேர்த்து எழுதுங்கள்: வந்திறங்கினேன். வ, தி, ற, கி, னே. ஐந்து! குற்றியலுகரத்தில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் சொல் சேரும்போது அந்த உகரம் ஓடிவிடும், ஓர் எழுத்து மிச்சமாகும். மற்றப் புணர்ச்சிகளில் பெரும்பாலும் இந்த ஆதாயம் இல்லை. 'அவன் இல்லை' நான்கு, 'அவனில்லை'யும் நான்கு. 'தீ எரிந்தது' ஐந்து, 'தீயெரிந்தது'வும் ஐந்து. வல்லினம் மிகுந்தால் கூடுவது ஒற்றுதான், ஆகவே 'துப்பாக்கியைத் தேடினேன்' என்பதில் அந்த 'த்' உங்களுக்குச் செலவு வைக்காது.

கண் அளவை நம்பாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 'துப்பாக்கி' நீளமாகத் தெரிகிறது, 'எதிரி' குட்டையாகத் தெரிகிறது. இரண்டும் மூன்றுதான். உங்கள் வரியையே வைத்து முடித்துப் பார்த்தேன்:

வந்திறங்கினேன்
துப்பாக்கியைத் தேடினேன்
எதிரி கையில்

சேர்த்து எழுதுவதிலும் அளவு வேண்டும். வாயில் இயல்பாக ஒட்டுகிற சொற்களை மட்டும் ஒட்டுங்கள். கணக்குக்காகப் பிசைந்து ஒட்டிய வரியை யாராலும் சிரித்துக்கொண்டே படிக்க முடியாது.

கேள்வி: ஹெட்ஷாட், ஸ்க்வாட், சர்வர் போன்ற சொற்களை எப்படி எண்ணுவது?

அதே விதிதான். ஹெட்ஷாட் இரண்டு, சர்வர் இரண்டு, ஸ்க்வாட் ஒன்றே ஒன்று. நீங்கள் சொல்கிறபடி எழுதுங்கள்: 'க்ளிக்' என்றால் ஒன்று, 'கிளிக்' என்றால் இரண்டு. ஒரே கவிதையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. இலக்கத்தை எழுத்தால் எழுதிவிடுங்கள். '100 பேர்' என்பதை 'நூறு பேர்' என்று எழுதினால்தான் மூன்று என்று எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: கணினியில் எழுத்து எண்ணும் வசதியைப் பயன்படுத்தினேன். 'சட்டி'க்கு ஐந்து என்கிறது!

யூனிகோடு தமிழை நாம் பார்க்கிறபடி சேமிப்பதில்லை. 'சட்டி' என்பது ச, ட, புள்ளி, ட, இகரக் குறி என ஐந்து துண்டுகளாக உள்ளே இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் என்றால் ஒரு சிறு வழி: உயிரெழுத்தையும் அகர மெய்களையும் எண்ணுங்கள், துணைக்குறிகளை விடுங்கள், வந்த தொகையில் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். சட்டியில் மூன்றில் ஒன்று போக இரண்டு. க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும்கூட இது ஒன்று என்று சரியான விடை தரும். நிரல் தெரியாவிட்டால் விரல் போதும்.

கேள்வி: 5-7-5 கட்டாயமா?

இல்லை. அச்சில் வரும் தமிழ் ஹைக்கூக்களில் பெரும்பாலானவை மூன்று வரியோடு நின்றுவிடுகின்றன. ஜப்பானிய ஹைக்கூ மேதை பாஷோவே சில இடங்களில் அளவை மீறியிருக்கிறார். அப்படிக் கூடுவதற்கு 'ஜியமரி' என்று ஜப்பானில் பெயரே உண்டு. ஆனாலும் வேடிக்கைக் கவிதைக்கு அளவோடு எழுதுங்கள் என்றே சொல்வேன். ஐந்தாவது எழுத்தில் சட்டென்று நிற்கிற அந்தக் கடைசி வரிதான் சிரிப்பை வெடிக்க வைக்கிறது.

கேள்வி: கூட ஆடும் நண்பனைக் கிண்டல் செய்யலாமா? வருத்தப்படுவானோ?

செயலைக் கிண்டல் செய்யுங்கள், பெயரைப் போடாதீர்கள். நமக்குள்ளேயே மறைந்திருக்கும் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் அமாங் அஸ் ஆட்டத்தில் கூட்டம் கூடியவுடன் நடப்பது இது:

நான் அவனில்லை
என்று முதலில் சொன்னான்
யாரும் கேளாமல்

இதைப் படித்து உங்கள் நண்பன்தான் முதலில் சிரிப்பான். நீங்கள் மறைந்திருந்து உங்களையே காட்டிக்கொடுத்ததை எழுதினால் இன்னும் நல்லது. அங்கே யாருக்கும் மனக்கசப்பு இல்லை:

புதருக்குள்ளே
பத்து நிமிடம் கல்லாய்
மைக்கில் தும்மினேன்

கேள்வி: அண்ணா, நான் பள்ளி மாணவன். 'பேராசை' என்ற தலைப்பில் எழுதியிருக்கிறேன். எண்ணிக்கை சரியா?
சுருங்கும் வட்டம்
ஓடிக்கொண்டே இருந்தேன்
வழியில் பெட்டி

மிகச் சரி, தம்பி. பப்ஜியில் பாதுகாப்பான வட்டம் சுருங்கும்போது ஓடாதவன் உயிர் பிழைக்க மாட்டான் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். பொருள் நிறைந்த பெட்டியைக் கண்டவுடன் கால் நிற்கும் என்பதும் தெரியும். நின்றாயா ஓடினாயா என்று நீ சொல்லாமல் விட்டாயே, அது பெரிய விஷயம். ஓர் எழுத்தைக்கூடத் தொடாதே. தலைப்பை மட்டும் எடுத்துவிடு.