கீறல் விழுந்த நான்-ஸ்டிக் சட்டி, நான்காம் மாதம்

நான்கு மாதக் கர்ப்பத்தில் கீறல் விழுந்த நான்-ஸ்டிக் சட்டியில் சமைத்தது குழந்தையைப் பாதிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். உரிந்த கோட்டிங் துணுக்கு வயிற்றுக்குள் போயிருந்தாலும் பயப்படாதீர்கள். அது செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். குழந்தையின் எதிர்ப்புச் சக்தி குறையும் என்று நீங்கள் படித்தது, ரத்தத்தில் கலந்து வருடக்கணக்கில் தங்கும் பிஃபாஸ் (PFAS) ரசாயனங்களைப் பற்றியதாக இருக்கும்; நான்-ஸ்டிக் கோட்டிங் தயாரிப்பிலும் பயன்பட்ட ஃபுளோரின் ரசாயனங்கள் இவை. அவை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையை அடையும். வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், அவை கூடுதலாக இருந்த குழந்தைகளிடம் டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசியால் உருவான எதிர்ப்பொருள் குறைவாக இருந்தது.

சட்டியை விடக் குடிதண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு அருகே விமான நிலையமோ தீயணைப்புப் பயிற்சித் திடலோ உண்டா? தீயணைப்பு நுரையில் இருந்த இவை அங்கிருந்து தண்ணீரில் கலந்திருக்கலாம். காய்ச்சினால் போகாது, ஆர்.ஓ. வடிகட்டி பெருமளவு குறைக்கும்.

அப்புறம், வெறும் சட்டியை அடுப்பில் காயவிடாதீர்கள், அந்தப் புகை நல்லதல்ல.

ஒன்று மட்டும்: ஆய்வு பலரின் சராசரியைச் சொல்கிறது, உங்கள் குழந்தையின் கதையை அல்ல. இதை நினைத்து எந்தத் தடுப்பூசியையும் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த செக்கப்பில் மருத்துவரிடம் கேளுங்கள்.