அறிவியல் கதையில் மனதைப் படிக்கும் சக்தி வந்தால் அறிவியல் விளக்கம் கொடுக்க வேண்டுமா, அமானுஷ்யமாகவே விட்டுவிடலாமா?

கேள்வியைப் பார்த்ததும் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் பாதிக் கதையை வைத்துக்கொண்டு, 'இவளுக்கு இந்தச் சக்தி எப்படி வந்தது?' என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் இருப்பது பர்மாவில், யாங்கோனில். என் கதையில் காளி கோயில் பக்கம் பூ விற்கும் ஒரு பையன், எதிரில் நிற்பவர் நினைப்பதைக் கேட்டுவிடுவான். அறிவியல் கதை என்று சொல்லிவிட்டோமே, சும்மா விட்டால் சிரிப்பார்களே என்று பயந்து, மூளையில் ஓடும் மின்சாரத்தை அவன் ரேடியோ மாதிரிப் பிடிக்கிறான் என்று இரண்டு பக்கம் விளக்கினேன். முதலில் படித்தவர் என் மச்சான். இன்வெர்ட்டர், பேட்டரி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார் (கரண்ட் போவதை நம்பிப் பிழைக்கும் தொழில், எங்கள் ஊரில் அதற்குக் குறைவில்லை). "மாப்பிள்ளை, மண்டைக்கு வெளியே அது மைக்ரோவோல்ட் கணக்கு. ஆஸ்பத்திரியில பசை தடவி வயர் ஒட்டித்தான் அதையே பிடிக்கிறான். உன் பையன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்குறானாக்கும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இத்தனைக்கும் அவர் கல்லாவுக்கு மேலே செப்புத் தகட்டில் ஒரு எந்திரம் தொங்குகிறது. அது எத்தனை வோல்ட் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. விளக்கம் கொடுத்தால் கணக்குக் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் கேட்பதில்லை. எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மூடநம்பிக்கைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம், நான் பௌதிகம் படித்தவன். ஆனால் 'அறிவியல் விளக்கம்' என்று இந்தக் கதைகளில் வந்தது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1934இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஜே. பி. ரைன், ஐம்புலன்களைத் தாண்டி அறியும் சக்தி உண்டு என்று புத்தகம் போட்டார். சீட்டில் உள்ள குறியைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். 25 சீட்டு, ஐந்து குறி, குத்துமதிப்பாகச் சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும், சிலருக்கு அதற்கு மேலும் வருகிறது என்றார். கட்டுப்பாட்டை இறுக்கி மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. ஆனால் ஜான் காம்ப்பெல் என்ற அமெரிக்க அறிவியல் கதைப் பத்திரிகை ஆசிரியர் இதையெல்லாம் நம்பினார். 1950களில் அவர் பத்திரிகையில் இந்த வகைக் கதைகள் குவிந்தன. 1956 வாக்கில், பொருள்களிலிருந்து வரும் ஏதோ ஒரு வீச்சைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லப்பட்ட ஹைரோனிமஸ் எந்திரத்தைச் செய்து பார்த்தார், அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய சாமான் அது. கடைசியில் அதன் சர்க்யூட் படத்தைத் தாளில் வரைந்தாலே போதும், கரண்டே வேண்டாம், வேலை செய்கிறது என்று எழுதினார். மச்சானிடம் சொன்னேன். "அப்போ அதுவும் நம்ம எந்திரம்தானே" என்று தகட்டைக் காட்டினார்.

அன்றைக்கு அறிவியல் என்று போட்டது இன்றைக்கு மாந்திரீகமாகத் தெரிகிறது. மறுபக்கம், 1977இல் ஸ்டார் வார்ஸ் படம் அதில் வரும் 'ஃபோர்ஸ்' என்ற மாயச் சக்தியை விளக்காமல் விட்டபோது ஒருத்தரும் கேட்கவில்லை. 1999இல் அதே வரிசையில் வந்த படம், அந்தச் சக்தி ரத்தத்தில் உள்ள நுண்ணுயிர்க் கணக்கு என்றதும் ரசிகர்களே கொதித்தார்கள்.

பர்மாக்காரர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஆகாயத்தில் போகிற சித்தர் மாதிரி ஆளை 'வெய்ஸா' என்பார்கள், நம் 'வித்தை'யின் பாலி வடிவமான 'விஜ்ஜா'விலிருந்து வந்த சொல். பி.ஏ. பட்டத்துக்கும் அதே சொல்தான்! போ போ அவுங் என்ற வெய்ஸா சுவரில் ஒரு 'வ' எழுதி, அழி பார்க்கலாம் என்று ராஜாவிடம் சொன்னாராம். ராஜா அழிக்க அழிக்க அது பெருகியதாம். எந்த மையில் எழுதினார் என்று யாரும் கேட்டதில்லை, ராஜா முழித்ததைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். சக்தியை அளக்கிற ஆள், ஒரு டாக்டரோ ராணுவமோ, கதையில் இருந்தால் விளக்கம் கொடுங்கள், கணக்கும் சரியாக இருக்கட்டும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நான் அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு, "எப்படின்னு தெரியாது, சத்தம் தாங்கலை" என்று பையனையே சொல்ல வைத்தேன். இந்தத் தடவை மச்சான் வோல்ட் கேட்கவில்லை. "அவன் அம்மா நினைக்கிறதும் கேக்குமா?" என்றார்.

கதையை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று போட்டது. ஆனால் நான் யாங்கோன் என்று எழுதிய இடத்தில் எல்லாம் ரங்கூன் என்று திருத்திவிட்டார்கள். 1989லேயே பெயரை மாற்றியாச்சு, ஐயா! ஏன் என்று விளக்கம் கேட்டு மூன்று தடவை எழுதிவிட்டேன், இன்னும் பதில் இல்லை.