சாமுராய்களோடு நின்ற பிரெஞ்சுக்காரர்

கேள்வி: கெண்டோ என்ற ஜப்பானிய வாள் பயிற்சி பழகும் என் மகன், அறைச் சுவரில் சாமுராய் படம் ஒட்டி வைத்திருக்கிறான். வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவர் சாமுராய்களோடு சேர்ந்து போரிடும் சினிமாவைப் பார்த்ததிலிருந்து இந்தப் பித்து. என் தாத்தா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் போய்த் திரும்பாதவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்படி ஒரு வெள்ளைக்காரர் நிஜமாகவே இருந்தாரா?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இருந்தார், சகோதரி. பெயர் ஜூல் புரூனே, பிரெஞ்சு பீரங்கிப் படை அதிகாரி. அப்போது ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் படைக்குப் பயிற்சி தர 1867-இல் ஜப்பானுக்கு வந்த குழுவில் ஒருவர். நன்றாகப் படமும் வரைவார். மறு ஆண்டே ஷோகன் தரப்புக்கும் பேரரசர் தரப்புக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. பேரரசர் தரப்பின் கை ஓங்கியதும் பிரெஞ்சுக் குழுவைக் கிளம்பச் சொன்னார்கள். புரூனே கிளம்பவில்லை. தான் பயிற்றுவித்த ஆட்களை நட்டாற்றில் விட மனமில்லாமல், ராஜினாமா செய்வதாக மூன்றாம் நெப்போலியனுக்கே கடிதம் எழுதிவிட்டு அவர்களோடு வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போய்விட்டார். 1869-இல் அந்தத் தீவின் ஹகோடாத்தே நகரில் தோல்வி உறுதியான பிறகுதான் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் ஏறினார். பின்னாளில் ஜெனரலாக உயர்ந்தார். அவர் எதிர்த்து நின்ற அதே அரசு அவருக்குப் பதக்கமும் கொடுத்தது!

சினிமாவில் வாள்தான் பெரிதாகத் தெரியும். ஹகோடாத்தேயில் இரண்டு பக்கமும் துப்பாக்கி, பீரங்கி, போர்க்கப்பல். இதையும் மகனிடம் சொல்லுங்கள்.

சரி, உங்கள் தாத்தா விஷயம். சுங்கை பட்டாணி பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி, ஜப்பான்காரன் காலம் என்று பேச்செடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். லயத்திலிருந்து லாரியில் ஏற்றிச் சென்றவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1943 அக்டோபரில் அது முடிவதற்குள் காலராவிலும் பட்டினியிலும் அடிஉதையிலும் ஆயிரக்கணக்கில் நம்மவர்கள் செத்தார்கள். அந்த ராணுவ அதிகாரிகளின் இடுப்பிலும் வாள் தொங்கியது. ஆனால் சாமுராய்கள் வாள் அணிவதை ஜப்பானிய அரசே 1876-இல் தடை செய்துவிட்டது. அப்புறம் வந்த ராணுவம் பழைய நெறியில் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டது. உயிரோடு பிடிபடுவதே அவமானம் என்று 1941-இல் சிப்பாய்களுக்குக் கையேடே போட்டது. அப்படிப் பழக்கப்பட்டவர்கள் கையில் சிக்கிய கைதியையும் கூலியையும் மனிதனாக மதித்திருப்பார்களா? புரூனே தன் ஆட்களைக் கைவிடவில்லை. இவர்கள் தங்கள் பொறுப்பில் இருந்தவர்களைச் சாகவிட்டார்கள். இரண்டையும் சாமுராய் என்ற ஒரே பெயரில் சேர்க்க நான் ஒப்பமாட்டேன்.

கெண்டோவை நிறுத்தாதீர்கள். தாத்தா எந்தத் தோட்டம், யார் யாரோடு போனார் என்று தெரிந்த மட்டும் மகனுக்குச் சொல்லுங்கள். அடுத்த பள்ளி விடுமுறையில், அந்த ரயில் பாதை ஓடும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரிக்கு அழைத்துப் போங்கள். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் போய், அங்கே தாய்லாந்து ரயில் பிடிக்கலாம்.