ஜப்பானிய மேப்பிள்: கேட்டதும் சொன்னதும்

டொராண்டோ: அக்கா, வாசலில் ப்ளட்குட் என்ற சிவப்பு இலை ஜப்பானிய மேப்பிள் வைத்திருக்கிறோம். மே மாதம் அருமையான சிவப்பு. ஜூலை வந்தால் இலை ஓரம் காய்ந்து முறுகிவிடுகிறது. நோயா?

நோய் இல்லை. வெயிலும் காற்றும்தான். இதன் வேர் ஆழம் போகாது. மேல்மண் காய்ந்த நாளில் இலை இழக்கும் தண்ணீரை வேரால் ஈடுகட்ட முடியாது. நரம்புக்குத் தொலைவில் இருக்கும் ஓரம்தான் முதலில் கருகும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். 2 அங்குலத்துக்குக் கீழும் உலர்ந்திருந்தால் குழாயை மெல்லத் திறந்து வேர்ப்பகுதி முழுக்க ஊறவிடுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதில் பயனில்லை. மரப்பட்டைத் தூளை 2, 3 அங்குலம் மூடாக்காகப் போடுங்கள்.

ஆனால் தூரில் குவிக்காதீர்கள்! தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் சற்று அகன்று வேராகப் பிரியும். அந்த அகலம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதை மூடினால் பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகும், புது வேர்கள் தண்டைச் சுற்றி இறுக்கும். மரம் சட்டென்று சாகாது, வருடக்கணக்கில் நலிந்து சாகும்.

லண்டன்: வெயிலைக் குறை சொல்கிறீர்களே? என் மரம் நாள் முழுக்க வெயிலில்தான் நிற்கிறது, ஒரு இலை கருகவில்லை. பக்கத்து வீட்டில் நிழலில் வைத்தது பச்சையாகிவிட்டது.

நியூ ஜெர்சி: எங்கள் ஊர் ஆகஸ்டில் அப்படி வைத்துப் பாருங்கள், தெரியும்!

இரண்டு பேர் சொல்வதும் சரி. இலையின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. வெளிச்சம் குறைந்தால் அது குறைந்து பச்சை மேலோங்கும். அதனால் ப்ளட்குட்டை முழு நிழலில் வைப்பது வீண். ஆனால் லண்டனின் மிதமான கோடையும் நியூ ஜெர்சியின் புழுக்கமும் ஒன்றல்ல. நியூ ஜெர்சி, டொராண்டோக்காரர்களுக்குக் காலை வெயில், மதியத்துக்கு மேல் நிழல்: கிழக்குப் பார்த்த சுவர் ஓரம் நல்ல இடம். லேஸ் துணி போல் இலை மெல்லிசாகப் பிளந்த தொங்கு வகைகள் இன்னும் சீக்கிரம் கருகும். சிவப்பு கூடட்டும் என்று உரத்தைக் கொட்டாதீர்கள்; நைட்ரஜன் அதிகமானாலும் பச்சை ஏறும்.

சென்னை: மொட்டை மாடியில் வளருமா?

வளராது. இதற்குச் சில மாதம் கடுங்குளிரில் தூக்கம் வேண்டும். சிவந்த இலை பார்க்க ஆசையென்றால் நாட்டு வாதுமை வையுங்கள், உதிரும் முன் அழகாகச் சிவக்கும்.

கோவை: நீல இலை மேப்பிள் விதை வாங்கியிருக்கிறேன்...

நீல இலை மேப்பிள் என்று ஒன்று கிடையாது. படத்துக்குச் சாயம் ஏற்றி விற்கிறார்கள்.

டொராண்டோ: தொட்டியில் இருப்பதைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுக்கலாமா?

ஹீட்டர் ஓடும் அறைக்குள் வேண்டாம், அதன் குளிர்காலத் தூக்கம் கெடும். வெளியே அப்படியே விடவும் வேண்டாம். கிளையை விட வேர் குளிர் தாங்காது, தொட்டியில் நாலு பக்கமும் உறையும். ஹீட்டர் இல்லாத கராஜில் வைத்து, மண் முழுக்கக் காயாமல் எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்.

மதுரை: எங்கள் ஊரில் வளருமா?

சென்னைக்குச் சொன்னதேதான்.

நியூ ஜெர்சி: அடியிலிருந்து பச்சைக் கிளை ஒன்று வேகமாக வருகிறது. விடலாமா?

ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து வந்தால் உடனே வெட்டுங்கள். அது ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் கன்றின் கிளை, விட்டால் மேலிருக்கும் சிவப்பை அமுக்கிவிடும். அப்படியே தூரில் மூடாக்கு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மிசிசாகா: ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடித் தொங்குகிறது. மற்ற கிளைகள் நன்றாக இருக்கின்றன. முன்பு அங்கே கத்திரிக்காய்ச் செடி போட்டிருந்தோம்.

கத்திரி என்றதும் கவலையாக இருக்கிறது. வாடிய கிளையை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே கரும்பச்சைக் கோடுகள் ஓடினால் வெர்ட்டிசிலியம் வாடல் நோய் என்றே சந்தேகிக்க வேண்டும். அது மண்ணில் பல வருடம் கிடக்கும் பூஞ்சை. கத்திரி, தக்காளி, உருளையையும் தாக்கும். மருந்து இல்லை. செத்த கிளையை எடுத்துவிட்டு, தண்ணீரைச் சீராகக் கொடுங்கள், மரம் சமாளித்துத் தேறுவதும் உண்டு. தேறாவிட்டால் அதே குழியில் இன்னொரு மேப்பிள் வைக்காதீர்கள். வெட்டிய கத்தரிக்கோலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகே அடுத்த மரத்துக்குப் போங்கள்.