மனைவியைச் சாகும்வரை சிறையில் வைத்த ஜெர்மனியின் கோபுர்க் டியூக் யோஹான் காசிமிர் செய்தது அந்தக் காலத்துக்கு நியாயம்தானே?

‘அந்தக் காலத்துக்கு’ என்று போட்டிருக்கிறீர்கள். ‘தப்பு செய்தவளை உயிரோடு விட்டதே பெரிசு’ என்று யாரோ உங்களிடம் வாதாடியிருக்க வேண்டும். அதே வார்த்தையை எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

1567-ல் கோத்தா கோட்டை விழுந்து, பேரரசரின் ஆணைப்படி காசிமிரின் அப்பாவைப் பிடித்துப் போனபோது பிள்ளைக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. அப்பா 28 வருடம் காவலில் கிடந்து அப்படியே இறந்தார். அம்மா எலிசபெத் 1572-ல் தானாகவே போய்க் கணவரோடு காவலில் இருந்து, 1594-ல் அங்கேயே கண்ணை மூடினார். கோத்தாவை முற்றுகையிட்டவர் சாக்சனியை ஆண்ட ஆகஸ்ட் என்பவர். அவருடைய மகள் அன்னாவைத்தான் 1586-ல் காசிமிருக்குக் கட்டிவைத்தார்கள். அவளுக்கு 18 வயது. மறுமாதமே அவள் அப்பா போய்விட்டார். கணவருக்கோ எந்நேரமும் வேட்டை. குழந்தையும் இல்லை.

1593-ல் உல்ரிக் ஃபொன் லிக்டென்ஸ்டைன் என்பவரோடு அவளுக்கிருந்த உறவு வெளியே வந்தது. விவாகரத்து ஆனது. இருவரையும் வாளால் வெட்டத் தீர்ப்பு. காசிமிர் அதை ஆயுள் சிறையாக மாற்றினார். இதைத்தான் கருணை என்கிறார்கள். சிறை ஒரு மனுஷியை என்ன செய்யும் என்று பெற்ற தாயை வைத்தே தெரிந்திருந்தவர் அவர்.

1599-ல் அவருக்கு இரண்டாம் கல்யாணம். அதையொட்டி ஒரு வெள்ளி நாணயம். ஒரு பக்கம் ஒரு ஜோடி முத்தமிடுகிறது, ‘இவர்கள் எவ்வளவு அழகாய் முத்தமிடுகிறார்கள்’ என்ற வரியோடு. மறுபக்கம் ஒரு கன்னியாஸ்திரீ: ‘பாவப்பட்ட என்னை யார் முத்தமிடுவார்?’ அன்னா அப்போது சோன்னெஃபெல்டில், ஒரு பழைய மடத்தில்தான் அடைபட்டிருந்தாள்.

துரோகத்துக்கு வக்காலத்தா என்று சண்டைக்கு வருவீர்கள். இல்லை. என் அக்கா விஷயத்திலும் தவறு அவள் பக்கம் இருந்தது, நான் மறைக்கவில்லை. விவாகரத்து முடிந்து இரண்டு வருடம் கழித்து அத்தான் மறுகல்யாணம் செய்துகொண்டார், செய்யட்டும். ஆனால் அக்காவும் இருக்கிற சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் மாலையும் கழுத்துமாகப் போட்டோ போட்டு, ‘இப்பதான் வீடு வீடா இருக்கு’ என்று எழுதினார். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆய்ந்து முடித்த கீரையை முறத்தில் கொட்டி, முதலிலிருந்து ஆய ஆரம்பித்தாள். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, “விடும்மா, உன்னை உயிரோட விட்டானே, அதே பெரிசு” என்றார். ஆறுதலாம்.

    

கேள்விக்கு வருகிறேன். தண்டனைக்கு வேண்டுமானால் காலத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். அந்த நாணயத்தை அடிக்கச் சொல்லி எந்தக் காலமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அதற்குப் பிறகும் அன்னா 13 வருடம் உயிரோடிருந்தாள், கடைசி வருடங்கள் கோபுர்க் கோட்டையிலேயே.