எதிர்க்கட்சி எம்.பி.யிடம் பள்ளிப் பிரச்சினையைக் கொண்டு போகலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் பினாங்கு பெருநிலத்தில், செபராங் பிறையில் குடியிருக்கிறோம். என் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் நானும் இருக்கிறேன். பள்ளிக்கு இணைக்கட்டடம் வரும் என்று சொல்லிப் பல வருடம் ஆகிறது. இன்னும் ஒரு கல்கூட வைக்கவில்லை. எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர். அவரைப் போய்ப் பார்ப்போம் என்று கூட்டத்தில் சொன்னேன். "அவரால் என்ன கிழிக்க முடியும்? அவரிடம் போனால் வருவதும் வராமல் போய்விடும்" என்று வாயை அடைத்துவிட்டார்கள். எதிர்க்கட்சிக்கு எதிர்ப்பதைத் தவிர வேறு வேலையே இல்லையா? நாங்கள் போகலாமா, வேண்டாமா?
– செயலவை உறுப்பினர், செபராங் பிறை

பதில்: போங்கள் சகோதரி, கட்டாயம் போங்கள். ஆனால் கையில் என்ன கொண்டு போகிறீர்கள் என்பது முக்கியம். மானியம் கேட்கும் கடிதத்தோடு போனால் உங்கள் செயலவைக்காரர்கள் சொன்னதுதான் நடக்கும். அமைச்சரிடம் கேட்க வேண்டிய கேள்வியை எழுதிக் கொண்டு போனால் கதை வேறு.

முதலில் காசு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தொகுதிக்குச் செலவு செய்ய அரசாங்க எம்.பி.க்களுக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் ஒதுக்கீடு தருகிறது. எதிர்க்கட்சி எம்.பி.க்கு அதே தொகை கிடைக்கும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அரசும் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எதிர்க்கட்சித் தொகுதிகளுக்கும் ஒதுக்கீடு என்பது ஓர் அம்சமாக இருந்தது. ஆட்சி மாறியது, பழைய கதையே திரும்பியது. 2024-இல் அன்வார் இப்ராஹிம் அரசு ஓர் ஒப்பந்த வரைவை நீட்டியது. அதிலிருந்த நிபந்தனைகளை எதிர்க்கட்சி ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று இங்கே வழக்கு நடத்தப் போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பணம் வரி கட்டிய மக்களின் பணம். ஒரு தொகுதி மக்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதைப் பார்த்து அவர்கள் ஊர் மண்டபத்துக்குக் கூரை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது தவறு. எந்தக் கூட்டணி ஆண்டாலும் தவறுதான். இதைச் சட்டமாக்கி முடித்தால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பயமே வராது.

சரி, காசு இல்லை. வேறு என்ன இருக்கிறது அவரிடம்?

மலேசிய மக்களவையில் 222 பேர் உட்காருகிறார்கள். கூட்டம் நடக்கும் நாட்களில் காலையில் முதல் வேலையே கேள்வி நேரம்தான். உறுப்பினர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு அமைச்சரோ துணையமைச்சரோ எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அதைத் தொடர்ந்து கூடுதல் கேள்வி கேட்கவும் வாய்ப்பு உண்டு. எழுத்து மூலமாகப் பதில் கேட்பது இன்னொரு வழி. இதைச் செய்ய ஆளுங்கட்சி உறுப்பினருக்கும் உரிமை இருக்கிறது, எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் அதே உரிமை இருக்கிறது. ஆனால் ஆளுங்கட்சிக்காரர் தம் சொந்த அமைச்சரைச் சங்கடப்படுத்தும் கேள்வியைக் கேட்கத் தயங்குவார். அமைச்சரின் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் காதும் காதும் வைத்தாற்போல் முடிக்கப் பார்ப்பார். அதிலும் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பேச்சில் முடிந்த வாக்குறுதிக்கு என்ன கதி என்பது உங்களுக்கே தெரியும். பல வருடமாக நீங்கள் காத்திருப்பது அதற்காகத்தான்.

அவையில் சொன்ன பதில் அப்படிக் காற்றோடு போகாது. ஹன்சார்ட்டில், அதாவது அவையின் அதிகாரபூர்வப் பதிவில் வரிக்கு வரி ஏறிவிடும். நாடாளுமன்ற இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அமைச்சர் மாறினாலும் அந்தப் பதில் அமைச்சின் பதில்தான். 2018-இலிருந்து 2022-க்குள் நான்கு முறை பிரதமர் மாறிய நாடு இது. யாரோ ஒருவர் கைகுலுக்கிக் கொடுத்த வாக்கை நம்பியிருந்த பள்ளிகள் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் எம்.பி. அலுவலகத்துக்குப் போகும்போது கேள்வியை நீங்களே எழுதிக் கொண்டு போங்கள். அங்கே இருக்கும் உதவியாளருக்கு உங்கள் பள்ளியின் கதை தெரியாது. "இணைக்கட்டடம் எப்போது வரும்?" என்று கேட்டால், "அமைச்சு எப்போதும் கரிசனையோடு கவனித்து வருகிறது" என்று ஒரு வரிப் பதில் வந்து சேரும். அதற்கு இடம் கொடுக்காத மாதிரி கேளுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

"இன்ன தமிழ்ப்பள்ளியின் இணைக்கட்டடத் திட்டத்துக்கு எந்த ஆண்டு ஒப்புதல் கிடைத்தது, எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது, இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது, குத்தகை விடப்பட்டதா, இல்லையென்றால் தடை என்ன, வேலை எந்த மாதம் தொடங்கும் என்பதைக் கல்வி அமைச்சர் தெரிவிப்பாரா?"

ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்ணோ ஒரு தேதியோதான் பதிலாக வர முடியும். மலாயில் "மிந்தா மெந்தெரி பெண்டிடிக்கான் மெஞாத்தாகான்" என்று தொடங்கும் வழக்கமான அமைப்பு அது. செயலவையில் மலாய் நன்றாக எழுதுகிறவர் ஒருவர் இருந்தால் அரை மணி நேர வேலை. கூடவே ஒப்புதல் கடிதம் இருந்தால் அதன் நகல், மாணவர் எண்ணிக்கை, இப்போது எத்தனை வகுப்பு எங்கே நடக்கிறது என்ற விவரம், இரண்டு மூன்று படங்கள். அதற்கு மேல் வேண்டாம். கட்டுக்கட்டாகக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர் அனுப்பக்கூடிய கேள்விகளுக்கு வரம்பு உண்டு, அனுப்பவும் கெடு உண்டு. அதனால் அவை கூடுவதற்கு ஒரு மாதமாவது முன்னால் போய்விடுங்கள். அவை வழக்கமாக வருடத்துக்கு மூன்று முறை கூடும். கடைசிக் கூட்டத்தில்தான் வரவு செலவுத் திட்டம் வரும். அப்போது ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டையும் தனித்தனியாக விவாதிப்பார்கள். கல்வி அமைச்சின் முறை வரும் நாளில் உங்கள் எம்.பி. எழுந்து உங்கள் பள்ளியின் பெயரைச் சொன்னால் அது இன்னும் கனமாக விழும்.

போவதற்கு முன் இன்னொன்றைச் சரிபாருங்கள், இங்கேதான் பல சங்கங்கள் வருடக்கணக்கில் அலைகின்றன. கட்டடம் கல்வி அமைச்சின் வேலை, அது மத்திய அரசு. நிலம் மாநில அரசின் அதிகாரம். பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது, பள்ளி முழு அரசாங்கப் பள்ளியா, பகுதி உதவி பெறும் பள்ளியா என்று முதலில் தலைமையாசிரியரிடமும் மேலாளர் வாரியத்திடமும் கேளுங்கள். தடை நிலத்தில் இருந்தால் நாடாளுமன்றத்தில் ஆயிரம் கேள்வி கேட்டும் நகராது. அந்தக் கேள்வி பினாங்கு சட்டமன்றத்துக்குப் போக வேண்டும். பள்ளி வாசலில் தேங்கும் தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் செபராங் பிறை மாநகர் மன்றம். அங்கே எதிர்க்கட்சி வரிசை என்று ஒன்று கிடையாது. 1965-இல் நிறுத்தப்பட்ட உள்ளாட்சித் தேர்தல் திரும்ப வரவே இல்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஆகவே கால்வாய்ப் பிரச்சினையையும் உரத்துக் கேட்க வேண்டுமானால் சட்டமன்ற உறுப்பினர்தான் கதி.

எதிர்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்த நாட்டு எதிர்க்கட்சி வரலாற்றில் நம்மவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஈப்போவின் டி.ஆர். சீனிவாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மக்கள் முற்போக்குக் கட்சி அப்போது எதிர்க்கட்சி. அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டுகளை அடுக்கினார். அவைக்குள் பேசியதற்கு வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு உறுப்பினர்களுக்கு உண்டு. "வெளியே வந்து சொல்லிப் பார்" என்று சவால் வந்தது. வெளியே வந்து, பொதுக்கூட்டத்தில் அதையே சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குப் போட்டார், தோற்றார், 1965-இல் பதவி விலகினார். காவல்துறையோ நீதிமன்றமோ அந்த விஷயத்தைத் தானாகத் தொடவில்லை. எதிர் வரிசையில் ஒருவர் எழுந்து கேட்டதால்தான் ஊருக்கே தெரிந்தது.

இன்றைக்கு அந்த வேலையின் பெரும்பகுதி பொதுக் கணக்குக் குழுவில் நடக்கிறது. அரசாங்கம் செலவழித்த பணத்தைத் துருவிப் பார்க்கும் இரு தரப்புக் குழு அது. 2018-க்குப் பிறகு அதன் தலைவர் பதவியைப் பெரும்பாலும் எதிர்க்கட்சியிடம் கொடுத்து வருகிறார்கள், நல்ல வழக்கம். 2022 ஆகஸ்டில், எதிர்க்கட்சியைச் சேர்ந்த வோங் கா வோ தலைமையில், கடலோரப் போர்க்கப்பல் திட்டம் பற்றிய அறிக்கையை அந்தக் குழு வெளியிட்டது. 900 கோடி வெள்ளி (ரிங்கிட்) திட்டம். அதில் 600 கோடிக்கும் மேல் அப்போதே கொடுத்தாகிவிட்டது. ஒரு கப்பல்கூட அதுவரை கடற்படையின் கைக்கு வந்திருக்கவில்லை. அந்தக் கணக்கில் எத்தனை பள்ளிக் கட்டடங்கள் அடங்கும்! எதிர்க்கட்சி எம்.பி. உங்கள் ஊருக்கு ஒன்றும் கொண்டு வரவில்லை என்று சொல்கிறவர்களிடம், வீணாய்ப் போன பணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னதும் ஊருக்குச் செய்த வேலைதான் என்று சொல்லுங்கள்.

அப்புறம் அரசியலமைப்பு. பெரும்பாலான திருத்தங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 ஓட்டு வேண்டும். 2004-இல் அன்றைய ஆளுங்கூட்டணியான பாரிசான் 219-க்கு 198 இடம் பிடித்தது. அந்தக் காலத்தில் யாரையும் கேட்காமல் திருத்த முடிந்தது. 2008 மார்ச் 8-இல் அது 222-க்கு 140 ஆனது. அன்றிலிருந்து 2022 பொதுத் தேர்தல் வரை எதிர்த்தரப்பைச் சேர்த்துக்கொண்டால்தான் திருத்தம் நிறைவேறும் என்ற நிலை இருந்தது. 18 வயதில் ஓட்டுரிமை தரும் திருத்தம் 2019-இல் இரு தரப்பும் சேர்ந்து 211 ஓட்டுகளோடு நிறைவேறியது. கட்சி தாவினால் பதவி போகும் என்ற 2022 திருத்தமும் அப்படித்தான். நல்லது வந்தால் கைதூக்குவதும் எதிர்க்கட்சியின் வேலைதான்.

அதே சமயம் எதிர்க்கட்சிகளிடமும் எனக்குக் கோபம் உண்டு. இன, மத விவகாரம் என்றால் அவை அதிரக் கத்துகிறவர்கள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, சம்பளம் என்றால் காலி நாற்காலிகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். உங்கள் பகுதியில் 2022-இல் பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணி மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளை வென்றது. 2023-இல் பினாங்கு மாநிலத்தின் 40 சட்டமன்றத் தொகுதிகளில் 11-ஐ எடுத்தது. அவர்களுக்குத் தமிழ்ப்பள்ளி மீது அக்கறை இருக்குமா என்று உங்கள் செயலவையில் ஒரு தயக்கம் இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் போக வேண்டும். அவர் தொகுதியில் வாழும் எல்லாருக்கும் அவர்தான் பிரதிநிதி, உங்களுக்கும். கேள்வியை வாங்கிக்கொண்டு கேட்காமல் விட்டால், அடுத்த தேர்தலில் அதைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கடைசியாக அந்தப் பயம். அவரைப் பார்த்ததால் வருவதும் நின்றுபோகும் என்பது. மனுவை ஒளித்துக் கொடுத்தால்தான் அரசியல் வாசம் வரும். வெளிப்படையாகச் செய்யுங்கள். சங்கத்தின் கடிதத்தாளில், சங்கத் தீர்மானத்தின் அடிப்படையில் எழுதுங்கள். அதே கடிதம் ஒரே நாளில் எம்.பி.க்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும், கல்வி அமைச்சுக்கும், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும், மாநில ஆட்சிக்குழுவில் நம் சமூக விவகாரத்தைக் கவனிப்பவருக்கும் போகட்டும். மேலவை உறுப்பினர் யாரையாவது தெரிந்தால் அவருக்கும் ஒரு நகல், மேலவையிலும் கேள்வி நேரம் இருக்கிறது. யாருக்கெல்லாம் போனது என்பதைக் கடிதத்தின் அடியிலேயே போட்டுவிடுங்கள். தலைமையாசிரியரை இழுக்காதீர்கள். அவர் அரசு ஊழியர், அவருக்குத்தான் சிக்கல் வரும். எம்.பி.யைப் பள்ளி வளாகத்துக்குள் அழைத்து, பதாகை கட்டிப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். சந்திப்பு அவருடைய சேவை மையத்தில் நடக்கட்டும்.

பதில் வந்ததும் அச்செடுத்துச் சங்கக் கூட்டக் குறிப்போடு சேர்த்து வையுங்கள். அமைச்சர் சொன்ன மாதத்தைச் செயலவை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் தாண்டியும் வேலை தொடங்கவில்லை என்றால், முதல் பதிலின் தேதியைக் குறிப்பிட்டு அடுத்த கூட்டத்துக்கு இரண்டாவது கேள்வியை அனுப்பச் சொல்லுங்கள்.