அட்வென்ச்சர் கேலியின் தண்ணீர்க் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நலம்தானே? என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1690-களில் லண்டனிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு வரும் ‘நைட்டிங்கேல்’ என்ற கற்பனைக் கப்பல்தான் களம். எதிரி நாட்டுக் கப்பல்களைப் பிடிக்க அரசாணை பெற்ற தனியார் போர்க்கப்பல், அதாவது பிரைவேட்டியர். ஊரில் மனைவி இறந்துவிட்ட செய்தி கேப்டனுக்கு வருகிறது. அன்றிரவு புயல். புயல் ஓய்ந்த காலையில் அவன் கறுப்புக்கொடி ஏற்றுகிறான். அதுவரை நல்லவர்களாக இருந்த மாலுமிகள் கண்ணீருடன் அவன் பின்னால் போகிறார்கள். அந்த அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். மண்டையோட்டுக் கொடி அந்தக் காலத்தில் உண்டா? கப்பலுக்கு எத்தனை பீரங்கி வைக்கலாம்? கப்பல் நுணுக்கங்களை அதிகம் எழுதினால் தமிழ் வாசகருக்குச் சலிப்பூட்டாதா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கொடி உண்டு. 1700-ல் எம்மானுவேல் வின் என்ற கொள்ளையன் மண்டையோடும் மணற்கடிகாரமும் போட்ட கறுப்புக்கொடி ஏற்றியதற்குப் பதிவு இருக்கிறது. பீரங்கி 34 வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் இத்தோடு விடுகிறேன். நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்த வேறொரு விஷயத்தை உங்கள் அத்தியாயம் தொட்டுவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மழையில் நனைந்த சணல்கயிறு சுருங்கி இறுகுவதை எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு வரிதான், ஆனால் உண்மையான வரி. உங்களுக்குக் கண் இருக்கிறது. அப்படிப்பட்டவர் அடுத்த பக்கத்திலேயே புயலையும் கண்ணீரையும் வைத்து ஒரு கப்பலையே கொள்ளைக் கப்பலாக மாற்றிவிடுகிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். புயலடிக்கும்போது கப்பலில் யாருக்கும் மனம் மாற நேரமில்லை. பாய் சுருக்கவும் பம்பு அடிக்கவும் ஆள் போதாது. நன்றாக வந்திருக்கிறது என்று சொன்ன நண்பர்களிடம் அடுத்த அத்தியாயத்தைக் காட்டாதீர்கள்.

உங்கள் நைட்டிங்கேலுக்கு ஒரு மூத்த சகோதரி உண்டு. அட்வென்ச்சர் கேலி, கேப்டன் வில்லியம் கிட்டின் கப்பல். 1695 டிசம்பரில் லண்டனை ஒட்டிய டெப்ட்ஃபோர்டில் நீரில் இறக்கினார்கள். 287 டன், 34 பீரங்கி. பாயோடு 46 தண்டுகளும், அதாவது நீண்ட துடுப்புகளும் உண்டு. காற்று செத்த நாளில் மணிக்கு மூன்று கடல்மைல் வலித்துப் போகலாம். கிட்டிடம் இரண்டு அரசாணைகள் இருந்தன: ஒன்று பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க, இன்னொன்று கடற்கொள்ளையரைப் பிடிக்க. அந்தக் கப்பலே கொள்ளைக் கப்பல் ஆனது.

ஏன் என்று கேட்டால் எல்லோரும் கிட்டின் மனதுக்குள் தேடுகிறார்கள். நீங்களும் உங்கள் கேப்டனின் மனதுக்குள்தான் தேடியிருக்கிறீர்கள். நான் கப்பலின் அடித்தளத்தில், பீப்பாய்களுக்கு நடுவில் தேடச் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். தண்டு வலிக்க ஆள் வேண்டும். ஒரு தண்டுக்கு இரண்டு பேர் என்றாலே 92 பேர். பிடித்த கப்பலை ஓட்டிப் போகவும் தனி ஆள் வேண்டும். கிட்டிடம் சுமார் 150 பேர் இருந்தார்கள். அன்றைய ஆங்கிலக் கடற்படை கொடுத்த தினப்படி, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு பிஸ்கட், ஒரு காலன் பீர். வெப்பக்கடலில் பீர் தீர்ந்தபின் தண்ணீர். ஒரு காலனை நாலரை லிட்டர் என்று வையுங்கள். 150 பேருக்கு ஒரு நாளைக்கு 675 லிட்டர். இரண்டு மாதத்துக்கு 40 டன்னுக்கு மேல். பாதிப் படி கொடுத்தாலும் 20 டன். 240 லிட்டர் பிடிக்கும் பெரிய பீப்பாயில் அது 84 பீப்பாய். பிஸ்கட் தனியாக 4 டன். இதே அளவுள்ள வணிகக் கப்பலை இதில் ஒரு சிறு பங்கு ஆட்களைக்கொண்டு ஓட்டிவிடலாம், அடித்தளம் முழுக்கச் சரக்கு இருக்கும். பிரைவேட்டியரின் அடித்தளத்தில் இருப்பதெல்லாம் தின்று தீரக்கூடியவை. சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் அது தன்னையே தின்கிறது.

அந்தத் தண்ணீரும் முழுசாகக் கிடைப்பதில்லை. வெயிலில் பலகை சுருங்கிப் பீப்பாய் கசியும். மிஞ்சியது பச்சை பிடித்துக் கொழகொழக்கும். மறுபடி நிரப்ப ஆற்றுமுகம் வேண்டும். நிரப்பிய பீப்பாய் கால் டன் எடை, படகில் ஏற்றுவது பெரும்பாடு. நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசு என்பதால், வாயை இறுக அடைத்து, கயிற்றில் கோத்து மிதக்கவிட்டு, படகின் பின்னால் இழுத்து வருவார்கள். கரையில் உள்ளவர்கள் விரோதம் என்றால் இதைத் துப்பாக்கிக் காவலோடு செய்ய வேண்டும். உங்கள் நாவலில் 180 பக்கம் ஓடியும் ஒருவர்கூடத் தண்ணீர் எடுக்கக் கரைக்குப் போகவில்லை!

அடுத்தது கூலி. பிரைவேட்டியரில் சம்பளம் கிடையாது. ‘பிடித்தால் பங்கு, பிடிக்காவிட்டால் பூஜ்யம்.’ பணம் போட்ட பெல்லமான்ட் பிரபுவுடன் கிட் போட்ட ஒப்பந்தப்படி ஆட்களுக்குக் கால் பங்குக்கு மேல் இல்லை. 1697 மார்ச் 25-க்குள் ஒன்றும் பிடிக்காவிட்டால் முதலீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்றும் ஒரு ஷரத்து. பொறுக்கியெடுத்த மாலுமிகளைத் தேம்ஸ் ஆற்றிலேயே கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. நியூயார்க்கில் புது ஆள் சேர்க்கும்போது கால் பங்கு என்றால் யார் வருவார்கள்? ஆட்களுக்கு 60 சதவீதம் என்று கிட் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டார். கை கால் போனால் 600 ஸ்பானிய வெள்ளிக்காசு நஷ்டஈடு. கால் பங்கு ஓர் ஒப்பந்தம், 60 சதவீதம் இன்னொன்று. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற வழியே இல்லை. சம்பளமில்லாத இந்தக் கும்பலை அவரால் அடக்கி வைக்க முடியாது என்று நியூயார்க் கவர்னர் ஃப்ளெட்சர் அப்போதே எழுதினார். உங்கள் மாலுமிகள் ‘நல்லவர்களாக’ இருந்தார்கள் என்கிறீர்கள். அவர்கள் எத்தனை பங்குக்குக் கையெழுத்துப் போட்டார்கள்? அது தெரியாமல் அவர்கள் நல்லவர்களா இல்லையா என்று உங்களால் சொல்ல முடியாது.

1696 செப்டம்பரில் நியூயார்க்கை விட்டவர்கள் அடுத்த ஆகஸ்ட் வரை ஒரு கப்பலும் பிடிக்கவில்லை. நடுவில் கப்பலைச் சாய்க்க வேண்டி வந்தது. இதை மெதுவாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

வெப்பக்கடலில் கப்பற்புழு பலகையைத் துளைக்கும். பாசியும் சிப்பியும் ஒட்டி வேகம் வெகுவாகக் குறையும். வேகம் போனால் துரத்திப் பிடிக்கிற கப்பலுக்குப் பிழைப்பே இல்லை. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை, அலை அடங்கிய, ஏற்றவற்றம் நன்றாக உள்ள மணல்கரையில் ஒதுக்குவார்கள். பீரங்கி, பீப்பாய், அடிப்பாரக் கல் எல்லாவற்றையும் கரையில் இறக்க வேண்டும். மேற்பாய்மரங்களைக் கழற்ற வேண்டும். பாய்மர உச்சியில் கப்பி கட்டி, கரையிலுள்ள மரத்தோடு பிணைத்து, கப்பலின் முதுகெலும்பான ஏராக்கட்டை அடியில் தெரியும்வரை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுப்பார்கள். காய்ந்த சருகு கொளுத்திப் பாசியைத் தீய்த்துச் சுரண்டுவார்கள். புழு தின்ற பலகையை வெட்டி மாற்றுவார்கள். இடுக்கில் பழங்கயிற்று நாரை உளியால் திணித்து, மேலே கீல் ஊற்றுவார்கள். நம் கடற்கரையில் இதைத்தான் கலப்பத்து என்கிறோம். கடைசியில் கொழுப்பும் கந்தகமும் பிசினும் காய்ச்சிப் பூசுவார்கள். பிறகு மறுபக்கம் சாய்த்து மறுபடி எல்லாம். அவசரப்பட்டுச் சாய்த்தால் பாய்மரம் முறியும், பலகை இணைப்பு விலகும். சாய்ந்து கிடக்கும் கப்பலில் சுட ஒரு பீரங்கி இல்லை. ஆட்கள் எல்லோரும் சதுப்புக்கரையில் கொசுக்கடியில் படுத்திருப்பார்கள். கொமோரோ தீவுகளில் மொஹேலியில் கிட் இதைச் செய்தபோது ஒரே வாரத்தில் சுமார் 50 பேர் நோயில் செத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு. மார்ச் 25 என்ற கெடு தீர்ந்ததும் ஏறத்தாழ அந்த நாட்களில்தான். செத்தவர்களுக்குப் பதிலாக ஏறியவர்கள் அக்கடலில் என்ன தொழில் செய்துவந்தவர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் ஆகஸ்டில் செங்கடல் வாயிலில் மொகலாய யாத்திரைக் கப்பல்களுக்காகக் காத்திருந்தார்கள். காவலுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் செப்டர் விரட்டிவிட்டது. மலபார்க் கரைக்கு வந்தார்கள்.

1697 அக்டோபர் 30. பீரங்கிக்காரன் வில்லியம் மூர் தளத்தில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தான். எதிர்ப்பட்ட கப்பலைப் பிடிப்பதில் கிட்டுக்கும் ஆட்களுக்கும் ஏற்கெனவே புகைச்சல். கிட் அவனை நாயே என்று திட்ட, எங்களை நாசமாக்கியதே நீங்கள்தான் என்று மூர் பதில் சொன்னான். கிட் இரும்புப் பட்டை போட்ட மரவாளியைத் தூக்கி அடித்தார். மறுநாள் மூர் இறந்தான். புயல் இல்லை, கொடி இல்லை. வருமானமில்லாத கப்பலில் ஒரு வாளி. உங்கள் முழு அத்தியாயத்தையும்விட அந்த வாளி எனக்குப் பயங்கரமாக இருக்கிறது.

பிறகு 1698 ஜனவரி 30-ல் கொச்சிக்கு அப்பால் கேடா மெர்ச்சன்ட் மாட்டியது. ஆர்மீனிய வணிகர்கள் அமர்த்திய கப்பல். பட்டு, மஸ்லின், சர்க்கரை, அபின். (கேடா என்பது நம் கடாரத்தின் பெயர்.) கிட் பிரெஞ்சுக் கொடி ஏற்றிக்கொண்டு நெருங்கினார். பல நாட்டுப் பயண அனுமதிச் சீட்டுகளை வைத்துக்கொண்டு, எதிரே வரும் கொடிக்கேற்ற சீட்டைக் காட்டுவது வணிகக் கப்பல்களின் வழக்கம். அவர்களும் பிரெஞ்சுச் சீட்டைக் காட்டினார்கள். பிரெஞ்சுச் சீட்டு என்றால் அரசாணைப்படி பிடிக்கலாம். ஆனால் கேப்டன் ரைட் ஓர் ஆங்கிலேயர் என்பது பிறகுதான் தெரிந்தது.

சட்டத்தின் கோடு இங்கேதான் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். பிரைவேட்டியர் பிடித்த கப்பலை முத்திரை உடையாமல் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை சரக்கில் ஒரு மூட்டைகூட அவனுடையதல்ல. கிட்டின் ஒப்பந்தப்படி அந்தத் துறைமுகம் பாஸ்டன். மலபாரிலிருந்து பாஸ்டனுக்கு, ஒழுகும் கப்பலில், ஒன்றரை வருடமாகக் காசு பார்க்காத ஆட்களோடு! கிட் அந்தக் கரையிலேயே சரக்கில் ஒரு பகுதியை விற்றார். மாற்றத்தின் கணம் என்று நீங்கள் தேடுவது, சரக்கறை மூடி திறக்கப்படும் அந்தக் கணம்தான். அதை யாரும் அலறாமல், பட்டியல் எழுதிக்கொண்டே செய்திருப்பார்கள்.

அட்வென்ச்சர் கேலியின் கடைசி நாட்களைக் கிட் தானே தன் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். கப்பல் பிரிந்துவிடாமல் இருக்க வெளியே சுற்றிலும் வடக்கயிறு கட்டியிருந்தார்கள். மணிக்கொரு முறை எட்டெட்டுப் பேர் மாறி மாறிப் பம்பு அடித்தார்கள். மடகாஸ்கரை ஒட்டிய செயின்ட் மேரி தீவில் 90-க்கும் மேற்பட்டோர் கல்லிஃபோர்டு என்ற கொள்ளையனின் கப்பலுக்கு மாறிவிட்டார்கள். அட்வென்ச்சர் கேலி அங்கேயே முடிந்தது. கிட்டை 1701 மே 23-ல் தூக்கிலிட்டார்கள். முதல் கயிறு அறுந்துபோக, மறுபடி ஏற்றினார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்த பிரெஞ்சுச் சீட்டுகள் விசாரணையில் அவருக்குக் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அவை லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன.

இதெல்லாம் வாசகருக்குச் சலிப்பூட்டாதா என்று கேட்டீர்கள். நெல் கொள்முதல் கணக்கையும் சீட்டுக் கம்பெனி கணக்கையும் இரவெல்லாம் பேசுகிற ஜனங்களுக்குப் பங்குக் கணக்கு சலிக்குமா? இனி அப்படிக் கேட்காதீர்கள், வாசகரை அவமதிக்கிற கேள்வி அது.

மனைவி இறந்த செய்தியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் பீப்பாய்த் தச்சனை அடித்தளத்துக்கு அனுப்புங்கள். அவன் மரச்சுத்தியலால் ஒவ்வொரு பீப்பாயாகத் தட்டட்டும். நிறைந்தது மொத்தென்று கேட்கும், காலியானது அதிரும். அவன் எண்ணிக்கையைக் கரித்துண்டால் உத்தரத்தில் கோடு கோடாகப் போடட்டும். மேலே ஏறி வந்து கேப்டனிடம் சொல்வதற்குமுன் அதை அவன் யாரிடம் சொல்கிறான் என்று யோசித்து எழுதி அனுப்புங்கள். படிக்கிறேன்.

அன்புடன்